பேரேடும் இஸ்திரிப் பெட்டியும்: ஒரு பழைய மின் கம்பெனியின் காகிதங்களைச் சீர்செய்த பதிவு

ஒரு சிறு நகரத்துக்கு முதன்முதலில் கரண்ட் கொடுத்த கம்பெனியின் ஆபீஸ் காகிதங்களைச் சுத்தம் செய்து, படமெடுத்து, படிக்கிற நிலைக்குக் கொண்டுவந்த வேலையின் பதிவு இது. கம்பெனி கைமாறிக் கைமாறிப் பெயரே மறைந்த பிறகும் காகிதங்கள் ஒரு ஸ்டோர் ரூமின் மேல்தட்டில் தப்பிக் கிடந்தன. எல்லாம் 1900-க்கும் 1930-க்கும் இடைப்பட்டவை. நுகர்வோர் பேரேடுகள், மீட்டர் ரீடிங் புத்தகங்கள், மின் நிலையத்தின் மணிவாரிப் பதிவேடு, அனுப்பிய கடிதங்களின் நகல் புத்தகங்கள், புளூபிரிண்ட் (நீலத் தாளில் வெள்ளைக் கோடாக விழும் வரைபட நகல்) சுருள்கள், சாதன விற்பனைப் பதிவேடு, கொஞ்சம் நெகட்டிவ்கள். கூடவே பழைய மீட்டர்கள் சிலவும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் இருந்தன.

இப்படி ஒரு குவியல் வந்தால் எல்லார் கையும் முதலில் போவது படங்களுக்கும் அலங்கார எழுத்துப் போட்ட பில்களுக்கும்தான். தடித்த கணக்குப் புத்தகங்கள் ஓரமாகப் போய்விடும். பல இடங்களில் எடைக்கே போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. ஒரு நகரம் மின்சாரத்துக்கு எப்படிப் பழகியது என்பது அந்தக் கணக்குகளில்தான் இருக்கிறது. அதிலும் நுகர்வோர் பேரேடு, நிலையப் பதிவேடு, சாதன விற்பனைப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒன்றை எடுத்து வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் எண்கள். அதனால் வேலை தொடங்கும்போதே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: சேர்ந்து வந்ததைப் பிரிக்கக் கூடாது.

கட்டை அவிழ்ப்பதற்கு முன்

முதல் வேலை படமெடுப்பது. எதன் மேல் எது இருந்தது என்று தெரியும்படி, கயிற்றோடும் தூசியோடும் கட்டுகளைப் படமெடுத்தேன். ஒரு ரசீது எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்துக்கு நடுவே செருகியிருந்தது என்பதும் ஒரு தகவல்தான். அதை உருவி 'ரசீதுகள்' என்று ஒரு கவரில் போட்டால் அந்தத் தகவல் போச்சு. செருகியிருந்த ஒவ்வொரு துண்டையும் அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, பேரேட்டின் பெயரையும் பக்க எண்ணையும் உறைமேல் மெதுவான பென்சிலால் எழுதினேன். பேனா, ஸ்டிக்கர், செலோ டேப் மூன்றும் மேசைப் பக்கமே வரக் கூடாது.

துருப்பிடித்த குண்டூசிகளும் கிளிப்புகளும் நிறைய. தாளை இழுத்து கிளிப்பைக் கழற்றினால் துரு பிடித்த இடத்தில் தாள் கிழிந்து கிளிப்போடு வந்துவிடும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பாலியஸ்டர் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் நுழைத்து, தாளை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளிப்பின் ஒரு காலை மட்டும் தூக்கி விலக்கினால் சுத்தமாக வரும்.

மீட்டர்களையும் இஸ்திரிப் பெட்டியையும் பார்க்க, ஓய்வுபெற்ற மீட்டர் மெக்கானிக் ஒருவரை அழைத்திருந்தேன். பெட்டியைக் கையில் வாங்கியதும் அவர் சொன்னது: "தம்பி, ஆசைக்குக்கூட இதைப் பிளக்குல சொருகிப் பாத்துடாதீங்க." வெளி உடம்பு முழுக்க இரும்பு, எர்த் கம்பி கிடையாது, ஒயரின் ரப்பர் வெடித்திருந்தது. அந்தக் காலத்துச் சூடேற்றும் சாதனங்களின் ஒயரிலும் உள்ளேயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். திறந்து பார்க்கும் எண்ணத்தை விட்டு, பிளாஸ்டிக் பையில் மூடி, மேலே எச்சரிக்கை எழுதி வைத்தேன். மீட்டர்களிலும் பாதரசம் வைத்த வகைகள் உண்டு. அது தெரியும்வரை சாய்க்காமல், குலுக்காமல், நிமிர்ந்த நிலையிலேயே வைப்பது நல்லது.

நெகட்டிவ்களில் கண்ணாடித் தகடு, ஃபிலிம் இரண்டும் இருந்தன. பழைய ஃபிலிம் என்றால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 1950-களின் தொடக்கம்வரை அது புழக்கத்தில் இருந்தது. எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கடினம். மஞ்சளித்துப் பிசுபிசுத்துக் காட்டமாக மணத்தால் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சடித்திருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நைட்ரேட் வைக்கத் தனி அறையுள்ள ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். எதை, எந்தக் கட்டிலிருந்து அனுப்பினேன் என்ற பட்டியல் மட்டும் இங்கே இருக்கிறது. பிரிக்கக் கூடாது என்ற விதிக்கு நான் கொடுத்த ஒரே விலக்கு இது.

ஈரமும் பூஞ்சையும்

மழை ஒழுகிய பக்கத்தில் இருந்த இரண்டு பேரேடுகளில் பூஞ்சை. முதலில் அவற்றைத் தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். தாள் நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் காயவைக்க வேண்டும், முடியாவிட்டால் உறையவைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சை கிளம்பிவிடும். இவை எப்போதோ நனைந்து காய்ந்தவை, ஆனால் இன்னும் சில்லென்று ஈரம் தட்டியது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சை மறுபடி உயிர்பெறும். எனவே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்து 50-க்குக் கீழே இறக்கினேன். பக்கங்களை விசிறியாகப் பிரித்து நிறுத்தி, மின்விசிறியை நேரே திருப்பாமல் சுவரைப் பார்க்க வைத்தேன்.

முழுக்கக் காய்ந்த பிறகுதான் துடைக்க வேண்டும். ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் தாளுக்குள்ளேயே தேய்த்துவிட்டதாகிவிடும். என்95 முகமூடி, கையுறை, மெல்லிய பிரஷ், பிரஷுக்குப் பக்கத்திலேயே நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரின் குழாய். பூஞ்சையின் கறை போகாது, போக்க முயற்சி செய்யவும் இல்லை. எழுத்து தெரிகிறது, அது போதும்.

பேரேடுகளின் தோல் அட்டை வேறு ஒரு தொல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பதனிட்ட தோலில் இது சகஜம். காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சி, தோல் செங்கல்பொடி போல உதிரத் தொடங்கிவிடும். தொட்ட கையோடு பக்கத்தைத் தொட்டால் சிவப்புக் கறை. ஹைட்ராக்சி புரோப்பைல் செல்லுலோஸ் என்ற பசைப் பொருளை எத்தனால் என்ற ஆல்கஹாலில் கரைத்து மெல்லப் பூசினால் பொடி அடங்கும். ஆனால் தோல் பழையபடி பலம் பெறாது. எண்ணெய் தடவுவது பழைய வழக்கம். அது தோலைக் கருக்கி, தூசியைப் பிடித்து வைக்கும் என்பதால் நான் தொடவில்லை. பூச்சு காய்ந்ததும் ஒவ்வொரு பேரேட்டுக்கும் அளவெடுத்துத் தாள் உறை. அட்டை பிரிந்திருந்தவற்றைத் திரும்ப ஒட்டாமல் பருத்தி நாடாவால் கட்டி வைத்தேன்.

கடித நகல் புத்தகம்

இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடித்தது இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். கார்பன் தாள் எங்கும் பரவும்வரை ஆபீஸ்களில் கடிதத்துக்கு நகல் எடுத்த முறை இது. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. கடிதத்தை நகலெடுக்கும் மையால் எழுதுவார்கள். வெங்காயத் தோலளவு மெல்லிய டிஷ்யூ தாள்கள் பைண்டு செய்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஈரப்படுத்தி, கடிதத்தை அதன் பின்பக்கம் படியும்படி வைத்து, இரும்புத் திருகு அழுத்தியில் கொடுத்து இறுக்குவார்கள். மை டிஷ்யூவின் பின்புறம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிப் பதியும். தாள் ஊடுருவித் தெரிவதால் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகப் படிக்கலாம். கம்பெனி வெளியே அனுப்பிய கடிதம் எல்லாம் தேதி வரிசையில் ஒரே புத்தகத்தில் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

இதில் உள்ள ஊதா மை அனிலின் சாயம். தண்ணீர் பட்டால் கரைந்து பரவும், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். கிழிசல்களை மாவுப் பசையால் ஒட்டலாமா என்றால் கூடாது, ஈரம் ஆகாது. அப்படியானால் எத்தனாலில் இளகும் பசைத் தாள் போடலாமே என்று தோன்றும். இந்தச் சாயம் ஆல்கஹாலிலும் கரையும்! ஆக, எழுத்து இல்லாத ஓரங்களைத் தவிர வேறெங்கும் ஒட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். கிழிந்த பக்கம் கிழிந்தபடியே இருக்கட்டும், பக்கங்களுக்கு நடுவில் மெல்லிய தாள் வைத்தால் தாங்கும். பிளாஸ்டிக் தாள் வைக்கக் கூடாது. நிலைமின்சாரம் டிஷ்யூவை இழுத்துக் கிழித்துவிடும்.

பக்கம் புரட்டுவதற்கு விரல் சரிப்படவில்லை. மூங்கிலை வழவழப்பாகச் சீவி ஒரு தட்டைக் கத்தி செய்துகொண்டேன். அதை மேல் மூலையில் நுழைத்து, தாளின் முழு நீளத்துக்கும் நகர்த்தி, ஒரு வெள்ளைத் தாளை அடியில் செலுத்தி, அந்தத் தாளின் மேல் படுக்கவைத்தே புரட்ட வேண்டும். வெள்ளைத் தாள் அடியில் இருந்தால் அடுத்த பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாது, படமும் தெளிவாக விழும். வெளுத்த பக்கங்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஊதாச் சாயம் பச்சை ஒளியை விழுங்கும். அதனால் டிஜிட்டல் படத்தின் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களில் பச்சையை மட்டும் தனியே எடுத்து கருப்பு-வெள்ளையாக மாற்றினால், கண்ணுக்குத் தெரியாத வரிகூட எழுந்து நிற்கும். இரும்பு மையால் எழுதிய பேரேடுகளில் எழுத்து பழுப்பாக மங்கியிருந்தால் அதற்கு நீலத் தடம்தான் உதவும்.

கடிதங்களின் விஷயம் பெரும்பாலும் ஒரே ரகம். பல்பு ஆர்டர், கரி வரத் தாமதம், பாக்கி கேட்பு. நடுநடுவே தங்கமான கடிதங்கள். மாலையில் விளக்கு மங்குகிறது என்று முறையிட்ட ஒரு வீட்டுக்காரருக்கு, அந்தத் தெருவின் கடைசிக் கம்பத்தில் வோல்ட் எவ்வளவு குறைகிறது, தடித்த கம்பி எப்போது இழுப்போம் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார் மேனேஜர். இன்னொரு கடிதம், விளக்கு சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியை மாட்டினால் ஃபியூஸ் போகத்தான் செய்யும் என்று ஒரு வாடிக்கையாளருக்கு. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலுள்ள கதைக்குக் கீழே வருகிறேன்.

புளூபிரிண்ட் பற்றிச் சுருக்கமாக

ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. அந்த நீலம் பிரஷ்யன் நீலம், காரம் பட்டால் அழிந்துவிடும். பழைய காகிதத்துக்கு நல்லது என்று எல்லாரும் வாங்கும் காரம் சேர்த்த உறைகள் இதற்கு விஷம். காரம் சேர்க்காத அமிலமற்ற உறைதான் வேண்டும். வெளிச்சத்தில் வெளுத்த புளூபிரிண்ட் இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும் என்பது இதன் தனிக் குணம். சுருள்களை ஈரக் காற்றில் கொஞ்ச நேரம் இளகவைத்து, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே பலகைப் பாரம் வைத்துத் தட்டையாக்கினேன். துணியில் வரைந்த மூல வரைபடங்களை மட்டும் இந்த முறைக்கு உட்படுத்தவில்லை. அந்தத் துணி கஞ்சி போட்டு மெருகேற்றியது, ஈரம் பட்டால் வழவழப்பு போய் வெள்ளையாகிவிடும்.

பேரேட்டின் கட்டங்கள்

பேரேட்டில் ஒரு நுகர்வோருக்கு ஒரு பக்கம். இரும்பு மையால் எழுதிய அழகான கையெழுத்து. இந்த மை அமிலத்தன்மை உள்ளது, அழுத்தி எழுதிய இடங்களில் தாளையே அரித்திருக்கும். ஈரம் பட்டால் அரிப்பு அதிகமாகும், அதனால் இங்கேயும் தண்ணீர்ப் பசை எழுத்தின் மேல் கிடையாது. எழுத்தில்லாத ஓரக் கிழிசல்களை மட்டும் கோதுமை ஸ்டார்ச் பசையாலும் ஜப்பானிய டிஷ்யூ தாளாலும் ஒட்டினேன். டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டாமல், ஈரக் கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நன்றாகப் பிடிக்கும்.

ஆரம்ப வருஷங்களின் பக்கங்களில் மீட்டர் ரீடிங்கே இல்லை. விளக்கு இத்தனை, மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தக் கணக்கு. மீட்டர் என்பது அன்று விலை உயர்ந்த, நம்பிக்கை குறைந்த பொருள். நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் 1882 செப்டம்பர் 4-இல் ஓடத் தொடங்கியபோது மின்சாரத்தை அளக்க நல்ல கருவி கிடையாது. எடிசன் பயன்படுத்தியது ரசாயன மீட்டர். துத்தநாக சல்ஃபேட் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியே போகும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். ஜாடியை ஆபீசுக்குக் கொண்டுவந்து, தகட்டைக் கழுவி, காயவைத்து, தராசில் நிறுத்து பில் போட்டார்கள். வாடிக்கையாளருக்கு அதில் பார்க்க ஒரு முள்கூட இல்லை. ஷாலன்பெர்கர் 1888-இல் மாறுமின்சாரத்துக்கு (ஏசி) ஒரு மீட்டரையும், எலிஹு தாம்சன் 1889-இல் வாட்மீட்டரையும் கொண்டுவந்த பிறகுதான் இந்தத் தொழில் நிமிர்ந்தது.

என் பேரேடுகளில் மீட்டர் வந்த பிறகு கட்டங்கள் பெருகுகின்றன. முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், வித்தியாசம், மீட்டர் மாறிலி (வித்தியாசத்தை யூனிட்டாக்கப் பெருக்க வேண்டிய எண்), யூனிட். மாறிலி என்ற கட்டத்தைக் கவனிக்காமல் வித்தியாசத்தை நேரே யூனிட் என்று எடுத்தால் பெரிய கடைகளின் கணக்கு எல்லாம் தவறாகும். அதற்கடுத்து 'பல்பு மாற்று' என்று ஒரு கட்டம். எரிந்துபோன பல்பைத் திருப்பிக் கொடுத்தால் கம்பெனியே புதியது கொடுத்த காலம் அது. மங்கிப்போன பல்பால் வாடிக்கையாளர் மின்சாரத்தையே குறை சொல்லிவிடக் கூடாது என்ற கவலை.

சில பெரிய கடைகளின் பக்கங்களில் 'அதிகபட்சம்' என்ற இன்னொரு கட்டமும் வருகிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் உருவாக்கிய முறை இது. அவருடைய கருவி ஒரு கண்ணாடிக் குழாய். மின்னோட்டம் சூடேற்ற, உள்ளே காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும். வழிந்த திரவம் பக்கக் குழாயில் தங்கிவிடும். மாதக் கடைசியில் அதன் உயரத்தைப் பார்த்தால் அந்த மாதத்தின் உச்ச ஓட்டம் தெரியும். மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாது. உச்ச நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெரிய டைனமோ வாங்கியாக வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1892-இல் இதை விளக்கிச் சொன்னார், சிகாகோவில் மின் கம்பெனி நடத்திய சாமுவேல் இன்சல் பிரைட்டன் முறையை அங்கே கொண்டுபோய் ஒரு பெரும் தொழிலையே கட்டினார்.

மூன்றையும் சேர்த்துப் படித்தபோது

எல்லாவற்றையும் படமெடுத்து முடித்ததும் அட்டவணை போடத் தொடங்கினேன். கோப்புப் பெயரில் புத்தகம், பக்கம், எடுத்த வரிசை மூன்றும் இருக்கும். மூலப் படம் டிஃப் (TIFF) என்ற கோப்பு வடிவில், திருத்தாமல். அட்டவணையில் நுகர்வோர் எண்ணைத்தான் சாவியாக வைத்தேன். பெயரை வைத்தால் எழுத்துக்கூட்டல் மாறும், வீடு கைமாறும். எண் மாறாது.

நிலையப் பதிவேட்டில் மணிக்கு ஒரு வரி: வோல்ட், ஆம்பியர், நீராவி அழுத்தம், போட்ட கரி. முதல் வருஷங்களில் பகல் முழுக்க வரியே இல்லை. இருட்டும் நேரத்தில் தொடங்கி நள்ளிரவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். உதாரணத்துக்கு 100 கிலோவாட் டைனமோ என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறிலிருந்து பத்துவரை முழுப் பளுவில் ஓடினால் 400 யூனிட். நாள் முழுக்க ஓடியிருந்தால் 2,400. அதாவது போட்ட முதலில் ஆறில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, மீதி நேரம் சும்மா கிடக்கிறது.

இதற்கு நடுவில் பல்பும் மாறியது. 16 மெழுகுவர்த்தி ஒளி தரும் கார்பன் இழை பல்பு 50 வாட் தின்னும். கூலிட்ஜ் 1910-இல் வளையக்கூடிய டங்ஸ்டன் இழையைச் செய்த பிறகு அதே வெளிச்சம் 20 வாட்டில் வந்துவிட்டது. வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம், கம்பெனிக்கு வருமானம் போய்விடுமோ என்ற பயம். என் பேரேட்டில் பல வீடுகளுக்கு விளக்கு எண்ணிக்கை கூடுகிறது, யூனிட் குறைகிறது. அந்த முரணைப் பார்த்தபோது எழுத்துப் பிழை என்றே நினைக்கத் தோன்றும். பல்பு மாற்றுக் கட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது.

சரி, இங்கேதான் சாதன விற்பனைப் பதிவேடு வருகிறது. இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, டோஸ்டர், வெந்நீர்க் கெட்டில். ஒவ்வொரு வரியிலும் நுகர்வோர் எண், 'சோதனைக்கு' என்று ஒரு தேதி, பிறகு 'வைத்துக்கொண்டார்' அல்லது 'திருப்பினார்', கடைசியில் தவணை. அந்தத் தவணை மாதாமாதம் கரண்ட் பில்லிலேயே ஏறுகிறது. மின்சாரம் விற்கும் கம்பெனி ஏன் இஸ்திரிப் பெட்டி விற்கிறது? கணக்குப் போட்டால் புரியும். 500 வாட் பெட்டி வாரத்தில் நாலு மணி நேரம் சூடானால் 2 யூனிட். ஒரு 50 வாட் பல்பு அதற்கு 40 மணி நேரம் எரிய வேண்டும். பெட்டியோ பகலில் ஓடுகிறது. டைனமோ சும்மா கிடக்கும் நேரத்தில்! புது இயந்திரம் வாங்காமலே வருமானம்.

கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோவில் மின் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்ல் ரிச்சர்ட்சன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். எடை குறைந்த இஸ்திரிப் பெட்டி செய்து வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அங்கே கரண்ட் இரவில் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை இஸ்திரி போடும் நாள் என்பதால் அன்று பகலிலும் நிலையத்தை ஓட்டச் சொல்லிக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். முனை நன்றாகச் சுட வேண்டும் என்று பெண்கள் கேட்டதிலிருந்துதான் அவருடைய ஹாட்பாயின்ட் பெட்டி பிறந்தது.

அந்தக் கதை மனதில் இருந்ததால், நிலையப் பதிவேட்டின் பகல் வரிகளைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 110 வோல்டில் ஒரு பெட்டி ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். இருபது பெட்டி ஒரே நேரத்தில் ஓடினால் 90 ஆம்பியர். சின்ன நிலையத்தின் முள்ளில் அது மறையாது. பகல் ஓட்டம் தொடங்கிய பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் காலை பத்து மணி வரி மற்ற நாட்களைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கிறது. விற்பனைப் பதிவேட்டில் பெட்டிகள் கூடக் கூட அந்த உயரமும் கூடுகிறது. சுவிட்ச் போர்டு முன்னால் நின்று எழுதியவருக்குத் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. ஆனால் அந்த வீடுகளின் வேலை நாள் அவர் எழுதிய எண்ணில் பதிந்திருக்கிறது. இதைக் கண்ட அன்று நான் அடைந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம்.

இப்போது அந்த ஃபியூஸ் கடிதத்துக்கு வருவோம். வீடுகளுக்கு விளக்குக்கான ஒயரிங் மட்டும்தான் போட்டிருந்தார்கள். சுவரில் பிளக் பாயின்ட் என்று ஒன்று கிடையாது. பெட்டியைக் கூரையிலிருந்து தொங்கும் பல்பு சாக்கெட்டில் திருகித்தான் மாட்ட வேண்டும். ஹார்வி ஹபல் 1904-இல் காப்புரிமை பெற்ற, பிரித்து மாட்டக்கூடிய பிளக் இந்தத் தொல்லைக்காக வந்ததுதான். விற்பனைப் பதிவேட்டில் பெட்டி வாங்கியவர்களின் அடுத்த வரி பெரும்பாலும் பிளக், அதற்கடுத்து 'தனி லைன்' என்ற ஒயரிங் வேலை. ஒரு பெட்டி விற்றால் பின்னாலேயே ஒயரிங் வேலையும் வந்து சேர்ந்தது.

விசிறிகளின் கதை வேறு. ஒரு வருஷத்தில் திடீரென்று 'விசிறி மாற்று' என்று வரிசையாக வரிகள், தொகை இல்லாமல். விற்பனையும் இல்லை, பழுதும் இல்லை. நகல் புத்தகத்தில் அதே மாதத்துக் கடிதங்களைத் தேடினால் விடை கிடைத்தது: தெருத் தெருவாக நேர்மின்சாரத்திலிருந்து (டிசி) மாறுமின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பல்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் எந்த மின்சாரமும் ஒன்றுதான், சூடானால் போதும். நேர்மின்சார மோட்டார் வைத்த விசிறி புது லைனில் ஓடாது. எனவே கம்பெனியே பழையதை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்திருக்கிறது. இந்த மாற்றம் உலகத்தில் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்கு ஒரு தகவல்: நியூயார்க்கில் கடைசி நேர்மின்சார இணைப்பைத் துண்டித்தது 2007 நவம்பரில். அந்த 'விசிறி மாற்று' வரிகளின் தேதிகளை நுகர்வோர் எண்ணோடு அடுக்கினால் மாறுமின்சாரம் எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்ற வரிசை கிடைத்துவிடுகிறது. இதற்கென்று தனி ஆவணம் எதுவும் அந்தக் குவியலில் இல்லை.

அடுத்த வேலை, இந்தத் தேதிகளைத் தட்டையாக்கிய புளூபிரிண்டின் கம்பங்களோடு பொருத்துவது. வரைபடத்தில் கம்பத்துக்கு எண் உண்டு, மீட்டர் ரீடிங் புத்தகத்தில் வீட்டுக்கு எதிரே அதே கம்ப எண் சின்னதாக ஓரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு தெருக்கள் பொருந்திவிட்டன. மூன்றாவதில் கம்ப எண்களை நடுவில் ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். அதற்கான கடிதத்தை நகல் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.